இருவருக்கும் ஒரே மதிப்பெண்

ஒன்பதாம் வகுப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள் என்பதால் ஆறாம் வகுப்பிலேயே 'நூறு' என்ற பெயர் விழுந்துவிட்டது. ஆசிரியர்களே சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அதே வகுப்பில் இன்னொருத்திக்கு 'அக்கா' என்று பெயர். போன வருஷம் கணக்கில் கோட்டை விட்டு, அதே வகுப்பில் இரண்டாம் முறையாக உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களைவிட ஒரு வயது மூத்தவள், ஒரு சாண் உயரம். முதல் நாள் பின்னாலிருந்து யாரோ, "அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, போர்டு மறைக்குது" என்றார்கள். அவள் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பெயரும் கூடவே போனது. "வீட்டுல எனக்கு ஒரே ஒரு தம்பி. இங்க வகுப்பு பூரா தம்பி தங்கச்சிங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அடுத்தவர் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுவது நல்லது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் கணக்குக்குப் புதிதாக ஒரு மிஸ் வந்திருந்தார். மெல்லிய குரல். போர்டில் எழுதி முடித்தால் முழங்கை வரை சாக்பீஸ் தூள். வந்த புதிதில் எதையும் மாற்றவில்லை. யார் எங்கே உட்கார்கிறார்கள், யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை வகுப்பையே கலைத்துப் போட்டார். நன்றாகப் படிக்கிற ஒருவர், தடுமாறுகிற ஒருவர் என்று ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார். நூறுக்குப் பக்கத்தில் அக்கா வந்து உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை சீட்டுக் குலுக்கிப் போடுவேன்" என்றார் மிஸ். "யார் பேர் வருதோ அவங்க போர்டுக்கு வந்து ஒரு கணக்கைப் போடணும். எப்படிப் போட்டோம்னு சொல்லணும். பத்துக்கு மார்க். அதே மார்க்தான் பக்கத்துல இருக்கவங்களுக்கும்."

வகுப்பில் இரண்டாவதாக வருகிற பையன் கையைத் தூக்கினான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பான். அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர். "பக்கத்துல இருக்கவங்க தப்பாப் போட்டா மிஸ்?"

"தப்பாப் போட்டா ரெண்டு பேருக்கும் தப்பு."

"அது எப்படி மிஸ் நியாயம்?"

"நியாயமான்னு எனக்கும் சரியாத் தெரியல. போட்டுப் பாப்போம்" என்றார் மிஸ்.

நூறு அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்துவிட்டாள். யோசித்துப் பார்த்ததில் அவளுக்கு ஒரே ஒரு வழிதான் பட்டது. அந்த வாரப் பாடத்திலிருந்து வரக்கூடிய கணக்குகளை எடுத்து, வரி வரியாக எழுதி, அக்காவிடம் கொடுத்தாள்.

"இதை அப்படியே படிச்சுட்டு வா. எது கேட்டாலும் இதுக்குள்ளதான் இருக்கும்."

"மனப்பாடமா?"

"உனக்கு வருமா?"

"அது நல்லா வரும்" என்றாள் அக்கா. உண்மைதான். வரலாற்றில் அவள் எந்த ராஜாவையும் வருஷம் தப்பாமல் சொல்லுவாள்.

முதல் வெள்ளிக்கிழமை சீட்டில் அக்காவின் பெயர் வந்தது. கணக்கும் நூறு எழுதிக்கொடுத்ததில் ஒன்றாகவே அமைந்தது. ஐந்திலிருந்து, எக்ஸ் மைனஸ் மூன்றின் இரண்டு மடங்கைக் கழித்தால் ஒன்று, எக்ஸ் எவ்வளவு? அக்கா குண்டு குண்டான எழுத்தில், ஒரு இடத்திலும் நிற்காமல் எழுதினாள். எக்ஸ் ஐந்து. கீழே இரண்டு கோடும் போட்டாள். வகுப்பில் ஒரு சலசலப்பு. நூறு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இந்த மைனஸ் மூணு எப்படி பிளஸ் ஆறா ஆச்சு?" என்று கேட்டார் மிஸ்.

"மைனஸும் மைனஸும் பெருக்கினா பிளஸ், மிஸ்."

"ஏன்?"

அக்கா போர்டைப் பார்த்தாள். பிறகு நூறைப் பார்த்தாள். மிஸ் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. மூன்றை அழித்துவிட்டு அங்கே நான்கு என்று எழுதினார். "சரி, அதை விடு. இப்பப் போடு."

அக்கா மறுபடி எழுதினாள். அதே வரிகள், அதே பிளஸ் ஆறு, அதே ஐந்து, அதே இரண்டு கோடு. பாதியிலேயே யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

பத்துக்கு நான்கு. நூறு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நான்கு வாங்கினாள்.

நூறின் அம்மா மருந்துக்கடை வைத்திருந்தார். நாள் முழுக்க டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து, யார் என்ன எழுதியிருந்தாலும் ஒரு பார்வையில் படித்துவிடுகிற கண் அவருக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போதே மகளின் முகத்தைப் படித்துவிட்டார்.

"அவ தப்பாப் போட்டதுக்கு உனக்கு எதுக்கு மார்க் குறையணும்? வாத்தியார் வேலைய நீ பாக்கறதுன்னா அந்த மிஸ் எதுக்கு?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா."

"எல்லாரும் உன்ன மாதிரியா?"

நூறுக்கு அம்மா சொல்வதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவளை உறுத்தியது வேறு. போர்டில் மிஸ் கேட்ட அந்த 'ஏன்?'. அதற்கு மட்டும் தன்னிடமும் பதில் இல்லை என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, மைனஸும் மைனஸும் பெருக்கினா ஏன் பிளஸ் வருது?"

"அது விதி. ஏன்னு கேட்டுக்கிட்டிருந்தா பரீட்சைய எப்ப முடிக்கறது? சாப்பிடு."

திங்கட்கிழமை அக்கா வாயைத் திறக்கவில்லை. செவ்வாயும் அப்படியே போனது. பள்ளி விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்விட்டாள். நூறு பின்னாலேயே போனாள். அக்காவின் அம்மா ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவர். அப்பா பஸ் ஓட்டப் போனால் வர நேரமாகும் என்பதால் சாயங்கால நேரம் அக்காவுக்கும் தம்பிக்கும் அந்தக் கடையின் பின்கட்டுதான் வீடு. துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல், ஆவியில் ஈரமான சுவர், எண் எழுதிய துணித்துண்டுகள் குவிந்த ஒரு டப்பா. நூறு உள்ளே வந்ததைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றாள்.

"மிஸ்கிட்ட சொல்லி வேற யாரையாவது போட்டுக்கோ" என்றாள். "நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"அதுக்கு வரல. நான் எழுதிக் கொடுத்தது உனக்குப் புரிஞ்சுதா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"நீ சொல்றப்ப எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருக்கு. நீ அந்தப் பக்கம் போனா ஒண்ணுமில்ல."

"எந்த இடத்துல?"

அக்கா தயங்கினாள். "சிரிக்கக் கூடாது. மைனஸும் மைனஸும் எப்படி பிளஸ் ஆகும்? ஏழாவதுலேர்ந்து கேக்கணும்னு இருக்கேன். அப்ப எல்லாரும் புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுனாங்க. நானும் ஆட்டிட்டேன். அதுக்கப்புறம் கேக்க வெக்கமாயிடுச்சு."

நூறு சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதலில் லிப்ட்டை வைத்துச் சொல்லிப் பார்த்தாள். மைனஸ் இரண்டு என்றால் தரைக்குக் கீழே இரண்டு மாடி. மூன்று தடவை இரண்டிரண்டு மாடி கீழே போனால் மைனஸ் ஆறு.

"சரி" என்றாள் அக்கா. "மைனஸ் மூணு தடவை போறதுன்னா எப்படிப் போறது? போகாம இருக்கறதா?"

லிப்ட் அங்கேயே நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டியின் சத்தத்துக்கு நடுவே அக்காவின் அம்மா எட்டிப் பார்த்து, "சண்டையா?" என்று கேட்டார். "இல்லம்மா, கணக்கு" என்றாள் அக்கா. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

நூறு ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில், வேறு வழி தெரியாமல், தெரிந்ததையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத ஆரம்பித்தாள். மூன்று தடவை மைனஸ் இரண்டு, மைனஸ் ஆறு. இரண்டு தடவை, மைனஸ் நான்கு. ஒரு தடவை, மைனஸ் இரண்டு. பூஜ்யம் தடவை, பூஜ்யம். அதற்குக் கீழே மைனஸ் ஒரு தடவை என்று எழுதிவிட்டு நிறுத்தினாள்.

அக்கா அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். விரலால் வலது பக்கத்தை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தாள். மைனஸ் ஆறு, மைனஸ் நாலு, மைனஸ் ரெண்டு, பூஜ்யம்.

"ரெண்டு ரெண்டா ஏறிட்டே வருது" என்றாள்.

"ஆமா."

"அப்ப அடுத்தது ரெண்டு. பிளஸ் ரெண்டு. வேற என்ன வர முடியும்? திடீர்னு எறங்கினாத்தான் தப்பு."

நூறுக்கு உள்ளே ஏதோ ஒரு தாழ்ப்பாள் விலகினது போல இருந்தது. இத்தனை வருஷம் சரியாகவே போட்டுக்கொண்டிருந்த ஒன்று, இப்போதுதான் ஏன் சரி என்று தெரிந்தது. அதையும் தான் கண்டுபிடிக்கவில்லை. எழுதியது தான், பார்த்தது அக்கா. இதை அவளிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஆனால் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மனப்பாடம் நின்றது. சாயங்காலம் அந்தப் பின்கட்டில் அக்கா கேட்பாள், நூறு சொல்லிப் பார்ப்பாள், பாதி நேரம் இருவருமே மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் நான்கு ஆறானது, ஆறு எட்டானது. எட்டு வந்த அன்று அக்கா நூறின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி முழுக்க இறங்கினாள்.

இதில் நூறு எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மற்றவர்கள் அக்காவிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவன், கண்ணாடிக்கு ஜோடியாக உட்கார்ந்திருந்த பையன். எந்நேரமும் தும்மிக்கொண்டே இருப்பான் என்பதால் அவனுக்குத் தும்மல் என்று பெயர். "கண்ணாடிகிட்ட கேட்டா, 'இதுகூடத் தெரியாதா'ங்கறான். அதுக்கப்புறம் எனக்கு அதுவும் தெரியாமப் போயிடுது" என்றான். மதிய இடைவேளையில், மாடிப்படிக்குக் கீழே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அக்காவைச் சுற்றி நாலைந்து பேர் சாப்பாட்டு டப்பாவும் கையுமாக உட்கார்ந்தார்கள்.

"அக்கா, நீ சொல்லு, உனக்கு எங்க குழப்பம் வந்துச்சோ அங்கதான் எனக்கும் வருது."

நூறும் போய் உட்கார்ந்து பார்த்தாள். அவள் சொன்னால் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "இப்ப இவ என்ன சொன்னா?" என்று கேட்டார்கள். இரண்டு மூன்று நாள் அப்படி ஆனபின், நூறு மேலே வகுப்பிலேயே சாப்பிட ஆரம்பித்தாள்.

அரையாண்டுத் தேர்வில் அக்கா ஐம்பத்திரண்டு வாங்கினாள். நூறு தொண்ணூற்று மூன்று வாங்கினாள். வகுப்பில் இது பெரிய செய்தி. "நூறுக்கு இனிமே பேர மாத்தணும்" என்றான் கண்ணாடி. அவனுக்குத் தொண்ணூற்று ஆறு.

திருத்திய தாளை நூறு கழிப்பறைக்குப் பக்கத்து வராந்தாவில் நின்று பார்த்தாள். கேள்வியில் ஏழு என்று இருந்ததை ஒன்று என்று படித்து, கடைசி வரை அந்த ஒன்றை வைத்தே போட்டிருந்தாள். முழுக்க முழுக்கத் தன் கண் செய்த தப்பு. இதில் அக்காவுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

வீட்டில் அம்மா மதிப்பெண்ணைக் கேட்டதும், "இது அந்தப் பொண்ணோட உக்காந்ததால வந்தது" என்றார். நூறு இல்லை என்று சொல்லவில்லை. அம்மா அடுத்த நாள் கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் நூறையும் வரவழைத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்ன விருப்பம்?"

படிக்குக் கீழே அக்காவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுகள் அவள் கண்முன் வந்தன. "அம்மா சொல்றபடி, சார்" என்றாள்.

மறுநாளே இடம் மாறியது. நூறும் கண்ணாடியும் ஒரு பெஞ்சு. அக்காவும் தும்மலும் ஒரு பெஞ்சு. மிஸ் அன்று போர்டை வழக்கத்தைவிட நேரம் எடுத்துத் துடைத்தார். அக்கா தன் பையை எடுக்கும்போது, "பரவால்ல, அம்மா சொன்னா கேட்டுத்தான் ஆகணும்" என்றாள். அவள் உண்மையாகவே அப்படி நினைத்தாள் என்பதுதான் நூறுக்குக் கஷ்டமாக இருந்தது.

கண்ணாடியோடு உட்கார்ந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருவரும் எழுதும்போது இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டார்கள். சீட்டில் யார் வந்தாலும் பத்துக்குப் பத்து. ஒருவரிடம் ஒருவர் கேட்க எதுவும் இல்லை, இருந்தாலும் கேட்கமாட்டார்கள். நல்ல வியாபாரம்தான், பேச்சுவார்த்தைதான் கிடையாது.

அப்போது வகுப்பில் வர்க்கங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு புதன்கிழமை மதியம் நூறு பாட்டிலில் தண்ணீர் பிடிக்க இறங்கினாள். படியின் திருப்பத்தில் அக்காவின் குரல் கேட்டது. "ரெண்ட கூட்டி வர்க்கம் பண்ணணும்னா ஒண்ணும் பயப்படாதீங்க. இதுக்கு வர்க்கம், அதுக்கு வர்க்கம், ரெண்டையும் கூட்டிடு. அவ்வளவுதான்." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தும்மல் ஒரு தும்மல் போட்டுவிட்டு, "ரொம்ப ஈஸியா இருக்கே" என்றான்.

நூறு அங்கேயே நின்றாள். அது தப்பு. சாதாரணத் தப்பு இல்லை, அதற்கு மேல் வருகிற எல்லாவற்றையும் சாய்த்துவிடக்கூடிய தப்பு. நாலு படி இறங்கினால் போதும். ஆனால் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கேட்காதவர்களிடம் போய் ஏன் சொல்லவேண்டும், அவர்களுக்குத்தான் அக்கா இருக்கிறாளே என்று நினைத்தாள். தண்ணீர் பிடிக்காமலே மேலே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை தும்மலின் பெயர் வந்தது. ஏ-யையும் பி-யையும் கூட்டி வர்க்கம் போடுகிற கணக்கு; போர்டில் அவன் தெம்பாகவே எழுதினான். மிஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுத்துக்குப் பதிலா மூணும் நாலும் போட்டுப் பாரு" என்றார். மூன்றின் வர்க்கம் ஒன்பது, நான்கின் வர்க்கம் பதினாறு, ஆக இருபத்தைந்து. "சரி. மூணும் நாலும் எவ்வளவு?" ஏழு. "ஏழின் வர்க்கம்?" நாற்பத்தொன்பது. தும்மல் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தான். தும்மக்கூட மறந்துவிட்டான்.

அக்கா இடத்திலிருந்து எழுந்தாள். "நான்தான் மிஸ் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன்."

அன்று சீட்டில் வந்த இன்னொரு ஜோடியும் படிக்குக் கீழே உட்காருகிற கூட்டத்தைச் சேர்ந்தது. அவர்கள் நோட்டிலும் அதே தப்பு. வகுப்பு முடிந்து வெளியே போகும்போது ஒருவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "அக்காகிட்ட படிச்சா, அக்கா மாதிரியே எல்லாரும் இன்னொரு வருஷம் இங்கயே இருக்கலாம்."

திங்கட்கிழமை மதியம் படிக்குக் கீழே யாரும் இல்லை. அக்கா விளையாட்டு மைதானத்து ஓரம், சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கே வரவில்லை.

நூறு சாயங்காலம் சலவை நிலையத்துக்குப் போனாள். அக்கா துணிகளில் எண் துண்டுகளைக் குத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அம்மாகிட்ட தலைவலின்னு சொல்லியிருக்கேன்."

நூறு வரும் வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். "நீ புதன்கிழமை சொல்லிக் கொடுத்தப்ப நான் படியில நின்னு கேட்டேன். தப்புன்னு எனக்குத் தெரியும். சொல்லாமப் போயிட்டேன்."

அக்கா ஊசியை நிறுத்தினாள். "நீ நின்னது எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"உன் செருப்பு தெரிஞ்சுது. எனக்கே அது சரியான்னு கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீ கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாமப் போனியா, சரி, நாம சொன்னது சரிதான் போலன்னு நினைச்சுக்கிட்டேன். தப்பா இருந்தா இவ இறங்கி வந்திருப்பாளேன்னு."

அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நூறுக்கு முகம் சூடானது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். உள்ளே இஸ்திரிப் பெட்டி ஒரு முறை சீறி அடங்கியது.

"ஏன் இறங்கி வரல?" என்று கேட்டாள் அக்கா.

"அவங்க யாரும் என்கிட்ட கேக்கறதில்ல. உன்கிட்டதான் கேக்கறாங்க."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

வகுப்பில் முதலாவதாக வருகிறவளுக்கு இப்படி ஒரு பொறாமை இருக்கமுடியும், அதுவும் தன்மேல், என்பது அக்காவுக்குப் புரிபட நேரமானது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "அட லூசு. நீ சொல்றதத்தான நான் அவங்களுக்குச் சொல்றேன். நீ போனப்புறம்தான் சரக்கு தீந்துபோய் நானே சொந்தமா ஒண்ணு அடிச்சுவிட்டேன்."

நூறும் சிரித்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கக் கீழே குனிந்தாள். தரையில் சதுரச் சதுரமாகக் கல் பதித்திருந்தது. துணிக்குக் குறி போடுகிற சாக்பீஸை எடுத்து, ஏழுக்கு ஏழாக ஒரு பெரிய சதுரம் வரைந்தாள்.

"இதுதான் ஏழோட வர்க்கம். இதுக்குள்ள மூணோட வர்க்கம் எங்க இருக்கு?"

அக்கா மூட்டையை நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு மூலையில் மூன்றுக்கு மூன்று பிரித்தாள். எதிர் மூலையில் நான்குக்கு நான்கு பிரித்தாள். மீதி இருந்ததைப் பார்த்தாள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளத் துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்றுக்கு நான்கு.

"இந்த ரெண்டையும் நான் கீழ போட்டுட்டேன்" என்றாள் மெதுவாக. "பன்னெண்டும் பன்னெண்டும் இருபத்தி நாலு. இருபத்தஞ்சும் இருபத்தி நாலும் நாப்பத்தொன்பது." பிறகு, "தும்மலுக்கு இதக் காட்டணும்" என்றாள்.

"நாளைக்கு வா. நீயே காட்டு."

"நீயும் வரணும். நான் உளறினா நிறுத்தணும்."

"எல்லார் முன்னாடியுமா?"

"பின்ன, வெள்ளிக்கிழமை போர்டுலயா?"

மறுநாள் மதியம் படிக்குக் கீழே தும்மலும் இன்னும் இருவரும்தான் வந்தார்கள். மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். அக்கா தரையில் சதுரம் வரைந்து, தான் எதைத் தவறவிட்டாள் என்பதிலிருந்தே ஆரம்பித்தாள். நூறு பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். அது அவளுக்குச் சுலபமாக இல்லை. ஒரு இடத்தில் அக்கா தடுமாறித் திரும்பிப் பார்த்தபோது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார இறுதிக்குள் பழைய கூட்டம் திரும்பிவிட்டது. சிலர் வரவேயில்லை, அந்தக் கிண்டல் செய்தவனும் அதில் ஒருவன்.

வீட்டில் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது. நூறு அரையாண்டுத் தாளை எடுத்துக்கொண்டு போய் மருந்துக்கடைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள். அம்மா இருமல் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும்மா. கேள்வியில ஏழு. நான் ஒண்ணுன்னு படிச்சிருக்கேன். அவளால மார்க் போகல."

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏழ ஒண்ணுன்னு படிச்சா நம்ம கடையில ஆள் போய்ச் சேந்துடும்" என்றார். பிறகுதான் விஷயம் உறைத்தது. "அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல? நான் அந்த ஆள் முன்னாடி போய் அவ்வளவு பேசினேனே."

"சொல்லத் தோணல."

"தோணலையா, வேண்டாம்னு விட்டியா?"

நூறு தாளை நாலாக மடித்தாள். அம்மா அதையும் படித்துக்கொண்டார். "இனிமே மறுபடி போய் இடத்த மாத்துங்கன்னு கேக்க என்னால முடியாது. என் முகத்த எங்க வெச்சுக்கறது? அங்கயே உக்காரு." பெட்டிகளை அடுக்கத் திரும்பியவர், கொஞ்சம் கழித்து முதுகைத் திருப்பியபடியே, "மத்தியானம் எங்க வேணாலும் உக்காந்துக்கோ. அத நான் கேக்கப் போறதில்ல" என்றார்.

அதனால் வருஷக் கடைசி வரை வகுப்பில் கண்ணாடி பக்கத்திலும், மதியம் படிக்குக் கீழேயும் என்று நூறின் நாள் இரண்டாகப் பிரிந்தது. கண்ணாடி ஒருமுறை, "அங்க போய் என்ன பண்றீங்க?" என்று கேட்டான். வந்து பார் என்றாள். அவன் வந்தான், இரண்டு நாள் உட்கார்ந்தான், சத்தம் ஒத்துவரவில்லை என்று போய்விட்டான். ஆனால் அதன்பிறகு எழுதும்போது கையை வளைத்து மறைப்பதை நிறுத்திவிட்டான்.

ஆண்டுத் தேர்வு முடிவுகளை அலுவலக வாசல் பலகையில் ஒட்டினார்கள். கணக்கில் கண்ணாடிக்குத் தொண்ணூற்று ஒன்பது, நூறுக்குத் தொண்ணூற்று எட்டு. அக்காவுக்கு அறுபத்து நான்கு. அவள் தன் பெயரை விரலால் தொட்டு, அதே வரியில் விரலை நகர்த்தி மதிப்பெண்ணைத் தொட்டு, மறுபடி பெயருக்குக் கொண்டுவந்து சரிபார்த்தாள். மிஸ் அந்த வழியாகப் போனவர், "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தும்மல் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கித் தேறியிருந்தான். அறிவியலில் போய்விட்டது. கணக்கு கணக்கு என்று அதையே பிடித்துக்கொண்டிருந்ததில் மற்றதை எல்லோருமே மறந்திருந்தார்கள்.

அவன் பலகைக்கு முன்னால் நிற்காமல் சைக்கிள் கொட்டகைப் பக்கம் போய்விட்டான். நூறுதான் அவனைத் தேடிக் கண்டுபிடித்தாள். என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "கணக்குல பாஸ் பண்ணிட்ட இல்ல" என்றாள். அது அவனுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. அக்கா வந்து அவன் பக்கத்தில் திட்டில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல சொல்லியாச்சா?"

"இல்ல."

"முதல்ல அப்பாகிட்ட சொல்லாத. அம்மாகிட்ட சொல்லு, அவங்க பாத்துப்பாங்க. முதல் நாள் புது ஆளுங்க திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. அன்னைக்கு லீவு போட்டுடாத. அன்னைக்குப் போகலைன்னா அப்புறம் போகவே முடியாது. நடு பெஞ்சுல உக்காரு, கடைசிக்குப் போயிடாத. நான் அந்தத் தப்பப் பண்ணினேன்."

தும்மல் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கேலி பண்ணுவாங்களா?"

"ரெண்டு வாரம். அப்புறம் அவங்களுக்கு வேற ஆள் கிடைச்சிடும்."

"அறிவியல் யாரு சொல்லித் தருவா?"

அக்கா நூறைப் பார்த்தாள். "இவளுக்கு அது வரும். எனக்கு வராது. நான் கூட உக்காந்து புரியாதத கேக்கறேன்."

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு மூன்றாவது மாடிக்குப் போனது. முதல் மாதம் இருவரும் மதியம் தவறாமல் கீழே வந்து அவனோடு உட்கார்ந்தார்கள். பிறகு சிறப்பு வகுப்புகள் ஆரம்பித்ததில் அது வாரத்துக்கு இரண்டு நாளானது. தும்மல் அதற்கு ஒன்றும் குறை சொல்லவில்லை. அவனுக்கு இருந்த ஒரே குறை வேறு. ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, "ரெண்டு பேரும் உங்களுக்குள்ளயே பேசிக்கிட்டே போறீங்க. நான் இங்க இருக்கேன். கொஞ்சம் என்னையும் பாத்து சொல்லுங்க" என்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நூறு, விட்ட இடத்தைத் தேடிப் பக்கத்தைத் திருப்பினாள்.